வேனே வீடாக: பங்குனியில் திண்டுக்கல் சுற்றும் தம்பதிக்கு

பங்குனி வெயிலில் வேன் அடுப்பாகிவிடும். மலைக்கோட்டையைக் காலையிலேயே ஏறி இறங்கிவிடுங்கள். பொழுது ஏறினால் பாறை சுடும்.

வண்டி ஓடும்போது கேஸ் ரெகுலேட்டர் மூடியே இருக்கட்டும். சிலிண்டரை நிமிர்த்தி வைத்து பெல்ட்டால் கட்டுங்கள். கேஸ் காற்றைவிடக் கனம். கசிந்தால் தரையோடு தேங்கும். அதனால் சமைக்கும்போது ஜன்னல் மட்டும் போதாது, கதவையும் திறந்து வையுங்கள். மதியம் அடுப்பே வேண்டாம். சீரகச் சம்பா பிரியாணி ஊருக்கு வந்து வேனுக்குள் உப்புமா கிண்டுவது அநியாயம்!

சிறுமலைக்கு 18 கொண்டை ஊசி வளைவுகள். இறங்கும்போது இரண்டாவது கியரிலேயே வாருங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறி, பிடிக்காமல் போகும். காட்டுமாடு நடமாடும் மலை, இரவில் சாலையோரம் நிறுத்திப் படுக்காதீர்கள்.

கொடைக்கானல் போவதென்றால் இ-பாஸ் எடுங்கள். 2024 மே 7 முதல் இந்த நடைமுறை. தண்ணீருக்கு பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாம், எவர்சில்வர் கேன் நல்லது.

பங்குனி உத்திரத்தை ஒட்டிப் பழனி சாலையில் பாதயாத்திரைக் கூட்டம் இருக்கும். அந்த நாட்களில் இருட்டிய பிறகு அந்தப் பக்கம் வண்டியை எடுக்காமலிருப்பதே உத்தமம்.