மைதானத்தில் பாதி கேளுங்கள்: குரூப் புராஜெக்ட்டில் ஜெயிக்க 8 வழிகள்

பிளஸ் ஒன், பிளஸ் டூ மாணவிகளே, என்.எஸ்.எஸ்., கைட்ஸ் என ஏதாவது ஒன்றில் இருக்கிறீர்களா? 'விளையாட்டில் சமத்துவம்' என்ற தலைப்பில் ஒரு குரூப் புராஜெக்ட் உங்கள் கைக்கும் வரலாம். வழக்கமாக என்ன நடக்கும்? ஒரு சார்ட், நெட்டில் எடுத்த நாலு படம், மேடையில் ஒரு பேச்சு, குரூப் போட்டோ, சர்ட்டிபிகேட். அதோடு கதை முடிந்தது. ஐந்து வருடம் கழித்து இன்டர்வியூவில் உங்களோடு போட்டி போடுகிற எல்லோரிடமும் அதே சர்ட்டிபிகேட் இருக்கும். "இதில் நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்று எதிரே இருப்பவர் கேட்பார். அதற்குத் தயங்காமல் பதில் சொல்கிறவருக்குத்தான் வேலை. அந்தப் பதிலை இப்போதே தயார் செய்யுங்கள்.

1. தலைப்பைச் சுருக்குங்கள். 'பெண்களும் விளையாட்டும்' என்று எடுத்தால் எங்கே தொடங்குவது என்றே தெரியாது. 'நம் பள்ளி மைதானத்தில் மாலை 4 முதல் 5.30 வரை மாணவிகளுக்கு எவ்வளவு இடம், எவ்வளவு நேரம் கிடைக்கிறது?' என்று கேளுங்கள். எண்ணிக்கையில் பதில் சொல்லக்கூடிய கேள்வி இது. தலைமை ஆசிரியர் ஒரு முடிவெடுத்தால் நிலைமை மாறக்கூடிய கேள்வியும்கூட.

2. எண்ணுங்கள். ஒரு நோட்டு போதும். தேதி, நேரம், மைதானத்தின் எந்தப் பகுதி, மாணவர் எத்தனை, மாணவிகள் எத்தனை, என்ன விளையாட்டு என்று கட்டம் போடுங்கள். கால் மணிக்கு ஒரு முறை நிரப்புங்கள். 'செவ்வாய், 4.30. நடு மைதானம்: மாணவர் 22, கிரிக்கெட். சுவரோரம்: மாணவிகள் 9, த்ரோபால், வலை இல்லை.' இப்படி இருக்க வேண்டும் ஒவ்வொரு பதிவும். உங்கள் ஆதங்கத்தை அதில் எழுதாதீர்கள். இரண்டு வாரம் விடாமல் செய்தால் உங்கள் கையில் இருப்பது டேட்டா. பள்ளியில் வேறு யாரிடமும் அது இருக்காது.

3. காரணத்தைத் தோண்டுங்கள். 'பொண்ணுங்களுக்கு ஆர்வம் இல்லை' என்பது சோம்பேறிப் பதில். விளையாட வராத மாணவிகளிடம் தனித்தனியாகப் பேசுங்கள். ஊருக்குப் போகும் கடைசி பஸ், நாலு மணிக்கே பூட்டப்படும் டாய்லெட், டிராக் பேன்ட் போடக் கூடாது என்று சொல்லும் வீடு, டியூஷன் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருக்கும். ஒவ்வொன்றையும் தீர்க்க வேண்டிய ஆளும் வேறு. பி.இ.டி. ஆசிரியரிடமும், விளையாடுகிற மாணவர்களிடமும் கேளுங்கள். அவர்கள் தரப்பையும் சேர்த்து எழுதிய ரிப்போர்ட்டை யாரும் ஒதுக்க முடியாது.

4. வேலையைப் பெயர் போட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள். எண்ணுவது யார், பேட்டி எடுப்பது யார், கணக்கு பார்ப்பது யார், மேடையில் பேசுவது யார் என்று முதல் நாளே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். வேலை செய்வது இரண்டு பேர், பேர் வாங்குவது பத்துப் பேர் என்றால் சமத்துவம் பற்றிப் பேச அந்தக் குழுவுக்குத் தகுதி கிடையாது. கோலம், வரவேற்பு என்று உங்களை ஓரம் கட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கணக்கையோ டேட்டாவையோ மேடையையோ கேட்டு வாங்குங்கள். கரியரில் மேலே ஏற்றிவிடுவது அவைதான்.

5. ஃபேக்ட்டோடு பேசுங்கள். பெண்கள் கிரிக்கெட் அணிக்கும் ஆண்கள் அணிக்குச் சமமான மேட்ச் ஃபீஸ் என்று 2022 அக்டோபரில் பி.சி.சி.ஐ. அறிவித்தது: டெஸ்ட்டுக்கு 15 லட்சம், ஒருநாள் போட்டிக்கு 6 லட்சம், டி20க்கு 3 லட்சம் ரூபாய். பள்ளிக்கு விளையாட்டு மைதானம் இருக்க வேண்டும் என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையே சொல்கிறது. உணர்ச்சிகரமான பத்து நிமிடப் பேச்சைவிட இப்படி இரண்டு தகவல்கள் கூட்டத்தை நிமிர்ந்து உட்கார வைக்கும்.

6. குறையோடு தீர்வையும் கொண்டு போங்கள். 1972இல் யு.எஸ். ஓப்பன் டென்னிஸில் பெண்கள் பட்டம் வென்ற பில்லி ஜீன் கிங்குக்குப் பரிசு 10,000 டாலர். ஆண்கள் பட்டம் வென்றவருக்கு 25,000. சமமாகத் தராவிட்டால் அடுத்த ஆண்டு ஆட மாட்டேன் என்றார் கிங். அதோடு நிற்கவில்லை. குறைகிற தொகையைத் தர ஒரு ஸ்பான்சரையும் பிடித்துக்கொண்டு போய்ப் பேசினார். 1973இல் பரிசு சமமானது. விம்பிள்டனில் அது நடக்க 2007 வரை ஆனது. நீங்களும் தெளிவாகக் கேளுங்கள்: வாரத்தில் இரண்டு மாலை பாதி மைதானம், 5.45 வரை திறந்திருக்கும் டாய்லெட், ஒரு வலை. டாய்லெட் சாவிக்கு யார் பொறுப்பு என்பதையும் நீங்களே எழுதிக் கொடுங்கள்.

7. முடிவெடுப்பவர் முன் நில்லுங்கள். சக மாணவிகள் கைதட்டினால் எதுவும் மாறாது. அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளி என்றால் பள்ளி மேலாண்மைக் குழுவில் நேரம் கேளுங்கள். சட்டப்படி அதன் உறுப்பினர்களில் குறைந்தது முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். ஐந்து நிமிடப் பிரசன்டேஷன், ஒரே ஒரு வரைபடம், மூன்று கோரிக்கைகள் போதும். வீட்டில் சத்தமாகப் பேசிப் பழகுங்கள். 'முடியாது' என்று பதில் வந்தால் முகம் சுருங்க வேண்டாம். "எது இருந்தால் முடியும், சார்?" என்று கேளுங்கள். சம்பளம் பேசும் நாளில் இதே கேள்வி உங்களுக்குக் கைகொடுக்கும்.

8. ஆதாரத்தைப் பத்திரப்படுத்துங்கள். நோட்டு, போட்டோ, மனுவின் நகல், பதில் கடிதம் எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கட்டும். என்.எஸ்.எஸ்.ஸில் ஆண்டுக்கு 120 மணி நேரம் எப்படியும் செலவாகப் போகிறது, அதை உருப்படியாகச் செலவழியுங்கள். கைட்ஸில் இருந்தால் ராஜ்ய புரஸ்காரோடு நிறுத்தாமல் ராஷ்டிரபதி விருது வரை போங்கள். ரயில்வேயில் ஸ்கவுட்ஸ் அண்ட் கைட்ஸ் கோட்டாவில் ஆள் எடுக்கிறார்கள். ரெஸ்யூமேயில் மூன்று வரி எழுதுங்கள்: பிரச்னை என்ன, நான் செய்தது என்ன, மாறியது என்ன.

இதில் சுயநலம் இருக்கிறதா? இருக்கட்டும். அதற்காகக் கூச்சப்பட வேண்டாம். பதினாறு வயதில் தனக்குச் சேர வேண்டியதைக் கணக்கோடு கேட்டுப் பழகுகிற பெண், இருபத்தாறு வயதில் அலுவலகத்தில் தன் பிரமோஷனையும் கேட்பாள், பக்கத்து சீட் பெண்ணுக்கு நடக்கும் அநியாயத்தையும் தட்டிக் கேட்பாள். இலட்சியத்தைப் பேச்சுப் போட்டியில் மனப்பாடமாக ஒப்பித்தால் இந்தப் பழக்கம் வராது. கேட்டதில் ஒன்றே ஒன்று கிடைத்தாலும் வேலையை அங்கே நிறுத்தாதீர்கள். இரண்டு மாதம் கழித்து மறுபடி எண்ணுங்கள். கொடுத்த பாதி மைதானம் சத்தமில்லாமல் கைமாறியிருந்தால், புது எண்ணிக்கையோடு அதே மேலாண்மைக் குழு முன்னால் போய் மறுபடி நில்லுங்கள்.