அதோ, அப்பா வருகிறார்!

அமெரிக்க ஓவியர் வின்ஸ்லோ ஹோமர் 1872-இல், பள்ளிக்கூடத்தின் முன் கைகோத்து ஓடும் சிறுவர்களைத் தீட்டினார். நம் நாட்டுக் குழந்தைப் படங்களில் எனக்கு முதலாவது, ரவி வர்மாவின் 'அதோ, அப்பா வருகிறார்' (1893). மாதிரியாக நின்றவர் அவர் மகள் மகாபிரபா. கையில் குழந்தை, காலடியில் நாய். அப்பா மட்டும் படத்தில் இல்லை!

கேரளத்து மருமக்கள்தாய முறையில் அன்று குழந்தை தாய்வீட்டுக்கு உரியதாக இருந்தது. வளர்ப்பது தாய்மாமன் பொறுப்பாக இருந்தது. அப்பா வந்து போகிறவராக இருந்தார். இதை அறிந்து பார்த்தால் தலைப்பே கனக்கிறது. ஓவியரும் ஊர் ஊராகச் சுற்றியவர்தான். 1894-இல் நம் பம்பாயில் அச்சகமும் தொடங்கினார். (பின்னர் அது லோனாவாலா அருகே மளவ்லிக்குப் போயிற்று.) வாரக்கணக்கில் லைனில் கிடந்த ரயில்வேக்காரனுக்கு இந்தப் படத்தை யாரும் விளக்க வேண்டாம்.

பேரப்பிள்ளைகளிடம் இதைக் காட்டி, "அப்பா எங்கே?" என்று கேளுங்கள். என் பேத்தி படத்தின் பின்புறத்தைத் திருப்பிப் பார்த்தாள்.