மாம்பழம் பழுத்ததா, காயா?

எண்பதுகளின் இறுதியில் தூர்தர்ஷனில் ‘மால்குடி டேஸ்’ ஒளிபரப்பானபோது நான் தொடக்கப்பள்ளி மாணவி. ஆர்.கே.நாராயண் கதைகளைச் சங்கர் நாக் இயக்கத்தில், கர்நாடகத்தின் ஆகும்பே கிராமத்தில் படமாக்கியிருந்தார்கள். வசனம் இந்தி, எங்கள் தெருவில் ஒருவருக்கும் புரியாது. ஆனாலும், சுவாமியாக நடித்த சிறுவன் மஞ்சுநாத் விழிப்பதைப் பார்த்தே சிரித்துக்கொண்டிருப்போம்.

சென்ற கோடை விடுமுறையில் அத்தொடரை மீண்டும் பார்த்தேன். இம்முறை வசனம் புரிந்தது. 1935இல் வெளிவந்த மூல நாவலான ‘சுவாமி அண்ட் ஃபிரண்ட்ஸ்’ நூலையும் கூடவே படித்தேன். அப்பா மகனுக்குக் கணக்குக் கொடுக்கும் இடத்தில் என்னால் சிரிக்க முடியவில்லை.

ராமனிடம் 10 மாம்பழங்கள் உள்ளன. அவற்றை விற்று 15 அணா பெற நினைக்கிறான். கிருஷ்ணனுக்கு 4 மட்டும் போதும் என்றால், எவ்வளவு கொடுக்க வேண்டும்? சுவாமிக்கு வரும் ஐயம்: பழம் பழுத்ததா, காயா?

கணக்குப் போடாமல் தப்பிக்கப் பார்க்கிறான் என்றே சிறு வயதில் நினைத்தேன். உண்மையில் அவன் கேட்டது கணக்கின் அடிப்படையை. எல்லாப் பழமும் ஒரே விலை என்றால்தான் ஓரலகு முறையில் 6 அணா என்ற விடை வரும். அந்த நிபந்தனையைக் கணக்கு சொல்லவே இல்லை.

அப்போது என் வகுப்பு நினைவுக்கு வந்தது. எலவனாசூர்கோட்டைச் சாலையில் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் போவதைப் பார்த்து வளரும் பிள்ளைகள் அவர்கள். ஆறாம் வகுப்பில், 5 டன் கரும்பின் விலையைக் கொடுத்து 2 டன்னின் விலையைக் கேட்டேன். ஒரு மாணவன், “வெட்டி எத்தனை நாள் ஆச்சு டீச்சர்?” என்றான். வகுப்பே சிரித்தது. “கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு” என்றேன். அந்த ஆண்டு முழுவதும் அவன் கேள்வி எதுவும் கேட்கவில்லை.

பள்ளி திறந்ததும், இப்போது ஏழாம் வகுப்பில் இருக்கும் அவனை அழைத்து, அதே கணக்கைக் கரும்பலகையில் எழுதினேன். “அன்னைக்கு நீ கேட்டதை இவங்களுக்குச் சொல்லுப்பா” என்றேன். தயங்கித் தயங்கிச் சொன்னான்: “வெட்டிப் போட்ட கரும்பு காஞ்சா எடை குறையும் டீச்சர். அஞ்சு டன்னுன்னு எப்ப எடை போட்டாங்கன்னு தெரியணும்ல?”

அன்று முதல், கணக்கைத் தொடங்கும் முன் ஒரு நிமிடம் ஒதுக்குகிறேன். “இந்தக் கணக்கு எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறது?” என்று கேட்கிறேன். பேருந்து உளுந்தூர்பேட்டையில் நிற்குமா, எட்டு ஆட்களும் ஒரே வேகத்தில் வேலை செய்வார்களா எனக் கேள்விகள் வருகின்றன. ‘இப்படி எடுத்துக்கொள்கிறோம்’ என்று அந்த நிபந்தனையை முதல் வரியாக எழுதிவிட்டு, பிறகு கணக்கைச் செய்கிறோம். விடை மாறுவதில்லை, அது எப்போது பொருந்தும் என்பது தெளிவாகிறது.

மொழிப்பாடத்திலும் இதைச் செய்யலாம். மூன்று நிமிடக் காட்சி ஒன்றை முதலில் ஒலியில்லாமல் காட்டுங்கள், அடுத்து ஒலியோடு. மூன்றாம் முறை, யார் எதைச் சொல்லாமல் விட்டார் என்று கேளுங்கள்.

நாவலில் சுவாமி கடைசியில் 6 அணா என்று சரியாகச் சொல்கிறான், அழுதுகொண்டே. நம் வகுப்பில் வரும் சரியான விடைகளில் எத்தனை அப்படி வருகின்றன என்று எண்ணிப் பார்ப்போம்.