அங்கவடி இல்லாத குதிரைக்காரர்: மன்றோ சிலையைப் பார்க்க ஒரு வழிகாட்டி

சென்னைக்கு வேலையாகவோ ஆஸ்பத்திரிக்கோ கல்யாணத்துக்கோ போகிற அரியலூர், பெரம்பலூர்க்காரர்களில் பலர் அண்ணா சாலையில் மன்றோவைப் பேருந்து ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருப்பார்கள். அது போதாது. இறங்கி, சுற்றி வந்து பார்க்க வேண்டிய சிலை அது. ஒரு காலைப் பொழுது ஒதுக்கினால் முடிந்துவிடும்.

அரியலூர்க்காரர்களுக்கு மலைக்கோட்டை விரைவு ரயில் வசதி. இரவில் ஏறினால் விடியும்போது எழும்பூர். அங்கே மெட்ரோவில் ஏறி, சென்ட்ரலில் வண்டி மாறி, அரசினர் தோட்டத்தில் இறங்குங்கள். பெரம்பலூருக்கு ரயில் இல்லை என்பது தெரிந்த கதைதான். பேருந்தில் வந்தால் கிளாம்பாக்கத்தில் இறக்கிவிடுவார்கள். அங்கிருந்து மாநகரப் பேருந்தில் விமான நிலையம் வந்து நீல வழித்தட மெட்ரோவைப் பிடித்தால், மாறாமல் அதே அரசினர் தோட்டம்.

வெளியே வந்ததும் அண்ணா சாலையில் கோட்டைப் பக்கமாக நடக்க வேண்டும். ஓமந்தூரார் மருத்துவமனை, சிம்சன், பிறகு கூவம் பாலம். பாலத்தைத் தாண்டினால் தீவுத்திடல். சாலை இரண்டாகப் பிரிகிற நடுவில், உயரமான பீடத்தின் மேல் மன்றோ நிற்கிறார். சிலையடிக்குப் போகும் ஆசையில் ஓடும் வண்டிகளுக்கு நடுவே குறுக்கே பாயாதீர்கள். எதிர்ப்புற நடைபாதையிலிருந்தே நன்றாகத் தெரியும். சிறிய தொலைநோக்கி ஒன்று இருந்தால் எடுத்துப் போங்கள். முகமும் கடிவாளமும் கிட்டத்தில் வரும். ஞாயிற்றுக்கிழமை அதிகாலை என்றால் நெரிசலும் இருக்காது.

இப்போது குதிரையைப் பாருங்கள். ஊர் எல்லையில் அய்யனார் குதிரையைப் பார்த்து வளர்ந்த கண் நமக்கு. சேணம், கடிவாளம், கழுத்து மணி எல்லாவற்றையும் வரைந்து முடித்தால்தான் அந்தக் குதிரைக்கு நிறைவு. அதனால் இங்கே என்ன குறைகிறது என்பது நமக்குச் சட்டென்று பிடிபடும்: சேணமில்லை, அங்கவடியும் இல்லை. கால் இரண்டும் அப்படியே தொங்குகின்றன.

பக்கத்தில் நிற்கும் யாராவது, சிற்பி மறந்துவிட்டான், அவமானத்தில் தற்கொலை செய்துகொண்டான் என்று கதை சொல்லக்கூடும். நம்பாதீர்கள். செய்தவர் பிரான்சிஸ் சான்ட்ரி. சிலை இங்கே நிறுவப்பட்டது 1839இல். அவர் இறந்தது 1841இல். லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் அவர் செய்த நான்காம் ஜார்ஜ் மன்னரும் இப்படித்தான் சேணமும் அங்கவடியும் இல்லாமல் அமர்ந்திருக்கிறார். ஒரே ஆள் இரண்டு முறையும் மறப்பாரா?

உட்கார்ந்திருப்பவர் யார் என்று தெரிந்துகொண்டு போனால் பார்வை இன்னும் கூடும். தாமஸ் மன்றோ, 1761இல் கிளாஸ்கோவில் பிறந்தவர், 1820 முதல் 1827 வரை சென்னை ஆளுநர். ஜமீன்தார் என்று ஒருவரை இடையில் வைக்காமல், உழவரிடமே நேராகத் தீர்வை வாங்கும் ரயத்துவாரி முறையை மாகாணத்தின் பெரும்பகுதியில் வேரூன்றச் செய்தவர். அந்தத் தீர்வை கடுமையாக இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். உடையார்பாளையம், அரியலூர் ஜமீன்களின் கதை கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த வேறுபாடு புத்தகச் செய்தியாக மட்டும் இருக்காது. மந்திராலயம் போய் வந்தவர்களுக்கோ, ராகவேந்திரர் மன்றோவுக்குக் காட்சி தந்ததாகச் சொல்லும் கதை நினைவுக்கு வரும்.

அண்ணா சாலையில் முன்பு நீல் சிலையும் இருந்தது. 1857 கிளர்ச்சியைக் கொடூரமாக அடக்கியவன் என்று 1927இல் அதற்கு எதிராகப் போராட்டம் நடந்தது. 1937இல் ராஜாஜி ஆட்சி அதை அருங்காட்சியகத்துக்கு அனுப்பியது. மன்றோ மட்டும் நின்ற இடத்திலேயே இருக்கிறார். இந்த ஊர் வெள்ளைக்காரர்களை ஒரே தராசில் நிறுக்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

கால் வலிக்கவில்லை என்றால் அப்படியே கோட்டைக்கு நடக்கலாம். காலராவில் பத்திகொண்டாவில் இறந்த மன்றோவை முதலில் குத்தியில் அடக்கம் செய்தார்கள். 1831இல் கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரி தேவாலயத்துக்குக் கொண்டுவந்தார்கள். தலைமைச் செயலகம் உள்ள இடம், வாசலில் சோதனை உண்டு. அடையாள அட்டை கையில் இருக்கட்டும். ஞாயிறு காலையில் ஆராதனை நடக்கும், முடியும்வரை காத்திருங்கள். கோட்டை அருங்காட்சியகத்தையும் சேர்த்துப் பார்ப்பதானால் வெள்ளிக்கிழமை வேண்டாம், அன்று விடுமுறை.

ஊர் திரும்ப அரியலூர்க்காரர்களுக்குப் பிற்பகல் பல்லவன் இருக்கிறது. அதன் நேரத்தை முந்தின நாளே பார்த்துக்கொண்டு, சாப்பாட்டை எழும்பூர்ப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.