தோற்ற ஆட்டத்தைத் திருப்பிப் பார்க்க: கோ பழகுவோருக்குச் சில குறிப்புகள்

கோ ஆட்டத்தின் விதிகளை ஒரே மாலையில் கற்றுக்கொண்டுவிடலாம். குறுக்கும் நெடுக்குமாக 19 கோடுகள், அவை சந்திக்கும் 361 புள்ளிகள், ஒருவருக்குக் கறுப்புக் கற்கள், மற்றவருக்கு வெள்ளை. சுற்றி வளைத்த இடம் யாருக்கு அதிகமோ அவர் வென்றார். தொல்லை அதற்குப் பிறகுதான். மாதக்கணக்கில் தோற்றுக்கொண்டே இருப்போம்.

இந்த ஆட்டம் பிறந்த சீனாவிலும், அது வேரூன்றிய கொரியா, ஜப்பானிலும் ஆட்டம் முடிந்த கையோடு எழுந்து போய்விடுவதில்லை. வென்றவரும் தோற்றவரும் அதே பலகையில் கற்களை மறுபடி வைத்து, எங்கே என்ன நடந்தது என்று பேசிப் பார்ப்பார்கள். பெரிய பட்டப் போட்டிகளிலும் இது உண்டு. கைபேசியில் முகம் தெரியாதவரோடு ஆடிப் பழகுகிறவர்களுக்கு இந்த வாய்ப்பு குறைவு. அவர்கள் தனியாகச் செய்து பார்க்க இந்தக் குறிப்புகள்.

1. முதலில் ஆட்டத்தின் பதிவு வேண்டும். இணையத்தில் ஆடினால் அதுவாகவே சேமிக்கப்படும். எஸ்ஜிஎஃப் கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். நேரில் ஆடினால், இருபது கல்லுக்கு ஒருமுறை பலகைக்கு நேர் மேலிருந்து கைபேசியில் ஒரு படம் எடுத்தால் போதும். பழைய முறை இன்னும் அழகானது: கட்டம் போட்ட தாளில், கல் விழுந்த புள்ளியில் அதன் வரிசை எண்ணை எழுதுவது. ஜப்பானில் இதற்குக் கிஃபு என்று பெயர். 1846-இல் ஷூசாகு என்ற இளைஞர் கென்னான் இன்செகி என்ற ஆட்டக்காரரை வென்ற ஆட்டத்தின் 127-வது கல்லைப் பற்றி இன்றும் பேச முடிவது இப்படி எழுதிவைத்த தாளால்தான்.

2. தோற்ற சூட்டில் ‘இன்னொரு ஆட்டம்’ பொத்தானை அழுத்தாதீர்கள். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். ஆனால் மறுநாளைக்குத் தள்ளிப்போட வேண்டாம். எந்தக் கல்லை எதற்காக வைத்தோம் என்பது அன்றைக்குத்தான் நினைவிருக்கும்.

3. கணினியைத் திறக்கும் முன் உங்கள் கண்ணால் ஒருமுறை பாருங்கள். வேகமாக ஓடவிட்டு, ‘இங்கேதான் போனது’ என்று தோன்றும் இடத்தின் எண்ணை மட்டும் குறித்துவையுங்கள். தவறாக இருந்தாலும் பரவாயில்லை. விடையை முதலிலேயே பார்த்துவிட்டுக் கணக்குப் போட்டால் கணக்கு வராது.

4. கற்கள் பிடிபட்ட இடமும் தவறு நடந்த இடமும் பெரும்பாலும் ஒன்றல்ல. இந்தத் தொகுப்பில் முக்கியமான குறிப்பு இதுதான். நீங்கள் கறுப்பு என்று வைத்துக்கொள்வோம். 112-வது கல்லில் வெள்ளை உங்கள் பன்னிரண்டு கற்களை அள்ளிக்கொண்டுபோனது. அங்கேயே நின்று நொந்துகொள்ளாமல் பின்னோக்கி வாருங்கள். 96-இல்தான் வெள்ளை வெளிவழியை அடைத்திருக்கிறது. அதற்கு முந்தைய உங்கள் 95-வது கல் எங்கே போனது? ஓரத்தில் மூன்று வெள்ளைக் கற்களைப் பிடிக்கப் போயிருக்கிறது. அந்த ஒரு கல்லை வெளிவழியில் வைத்திருந்தால் பன்னிரண்டும் தப்பியிருக்கும். இன்னும் பின்னால் போனால், 83-இல் உள்ளேயே ஒரு கண் (சொந்தக் கற்கள் சூழ்ந்த காலி இடம்) அமைத்துக்கொள்ள இடம் இருந்ததும் தெரியவரும். இப்படி, ‘இதுவரை நன்றாகத்தான் இருந்தது’ என்று சொல்லக்கூடிய கடைசி இடம்வரை வந்து நில்லுங்கள். அன்றைய பாடம் அதற்கு அடுத்த கல்லில் இருக்கிறது. அதற்குமேல் அந்த ஆட்டத்திலிருந்து எதையும் பிழிந்தெடுக்க வேண்டாம்.

5. தொடக்கத்தில் வரும் தோல்விகளுக்குக் காரணங்கள் நிறைய இல்லை. மூன்றைச் சரிபார்த்தால் அநேகமாக அகப்பட்டுவிடும். ஒன்று, மூச்சு. கற்கூட்டத்தை ஒட்டிய காலிப் புள்ளிகளை எண்ணினீர்களா, ஒரே மூச்சு மிச்சமிருக்கும் ‘அட்டாரி’ நிலையைக் கவனித்தீர்களா? இரண்டு, எதிராளி நுழைந்து உங்கள் கற்களை இரண்டாகப் பிரிக்கக்கூடிய இடத்தைத் திறந்துவிட்டீர்களா? மூன்று, சிக்கிய கூட்டம் பிழைக்கத் தேவையான இரண்டு கண்கள் அமைய வழி இருந்ததா?

6. மூன்றாவதில்தான் மாட்டிக்கொண்டீர்கள் என்றால் இதை மனப்பாடம் செய்துவிடுங்கள். வெளியே முழுக்க அடைபட்ட கூட்டத்தின் உள்ளே வரிசையாக மூன்று புள்ளிகள் காலியாக இருந்தால், நடுப்புள்ளியை முதலில் எடுப்பவர் கையில் அதன் உயிர். வரிசையாக நான்கு என்றால் அது தானே பிழைத்துக்கொள்ளும். அவசரப்பட்டு உள்ளே கல் வைத்து ஒரு முறையை வீணாக்காதீர்கள். சதுரமாக நான்கு என்றால் நீங்களே முதலில் வைத்தாலும் பிழைக்காது, கைவிட்டுவிட்டு வேறு இடம் பாருங்கள். தோற்ற நாளன்றே இதே வகைப் புதிர்கள் ஐந்தாறு போட்டுப் பாருங்கள். கானோ யோஷினோரி ஆரம்பநிலையினருக்கென்று நான்கு பாகங்களாகத் தொகுத்த புதிர்கள் இதற்கு நல்ல துணை.

7. அட்டாரிமேல் அட்டாரியாகத் துரத்தும் ‘ஏணி’யில் ஏமாந்திருந்தால் மனத்துக்குள் பார்க்காமல் கற்களைக் கடைசிவரை வைத்தே பாருங்கள். படிப்படியாக மூலைவிட்டமாக ஓடும் பாதையில் எங்கோ தூரத்தில் ஒரு கல் நின்றிருக்கும். அதைப் பார்க்காமல் துரத்தியதுதான் தவறு.

8. எதிராளியைக் கேளுங்கள். ‘ஒருமுறை திரும்பப் பார்க்கலாமா?’ என்று கேட்டால் பெரும்பாலோர் மறுப்பதில்லை. கேட்ட பிறகு, ‘அதை மட்டும் கவனித்திருந்தால் நான்தான் ஜெயித்திருப்பேன்’ என்று ஆரம்பிக்காதீர்கள். அவர் அத்தோடு கிளம்பிவிடுவார். ‘இந்த இடத்தில் நீங்கள் எதற்குப் பயந்தீர்கள்?’ என்று கேட்டுப் பாருங்கள். நம் கண்ணில் படாத நல்ல கல் எதிராளியின் அச்சத்தில் இருக்கும்.

2016 மார்ச்சில் சியோலில் ஆல்ஃபாகோ என்ற நிரலிடம் தோற்ற கொரியத் தொழில்முறை ஆட்டக்காரர் லீ செடோலுக்கு இந்த வசதியும் கிடைக்கவில்லை. எதிரே இருந்தது உட்கார்ந்து பேசாத எதிராளி. இரண்டாவது ஆட்டத்தைத் தோற்ற இரவு, சக தொழில்முறை ஆட்டக்காரர்களைக் கூட்டிவைத்துக்கொண்டு விடிய விடிய அந்த ஆட்டத்தை அலசினார். மூன்றாவதிலும் தோற்றார். நான்காவது ஆட்டத்தில் அவர் வைத்த 78-வது கல் நிரலைத் தடுமாற வைத்தது. அந்த ஆட்டம் அவருக்கு. தொடர் என்னவோ 4-1 என்று நிரலுக்கே போனது.

9. இப்போது கணினிக்கு வரலாம். காட்டாகோ என்ற நிரல் 2019-இல் வந்தது; இலவசம், மிகவும் வலிமையானது. உங்கள் ஆட்டத்தைக் கொடுத்தால் கல்லுக்குக் கல் எத்தனை புள்ளி இழந்தீர்கள் என்று காட்டும். நமது ஆட்டத்தின் வரைபடம் மலைத்தொடர் மாதிரி ஏறி இறங்கும், பயப்பட வேண்டாம். மிகப் பெரிய மூன்று சரிவுகளை மட்டும் பாருங்கள். வெற்றி விழுக்காட்டை நம்பாதீர்கள், புள்ளிக் கணக்கைப் பாருங்கள். ‘வெள்ளைக்கு 98 விழுக்காடு’ என்பது இரண்டு வல்லவர்கள் தொடர்ந்து ஆடினால்தான் பொருந்தும். இரண்டு கற்றுக்குட்டிகளிடையே அதற்கு மதிப்பில்லை. அது சொல்லும் கல்லின் காரணம் புரியவில்லையா? விட்டுவிடுங்கள். புரியாத கல்லைக் காப்பியடித்தால் அடுத்த கல் எங்கே என்று தெரியாமல் விழிக்க வேண்டியிருக்கும். மாறாக, உங்களுக்குச் சரியென்று பட்ட கல்லை அதில் வைத்து, அது எப்படித் தண்டிக்கிறது என்று பாருங்கள். ஆட்டம் நடக்கும்போது திறந்து பார்ப்பது மோசடி என்பதைச் சொல்லத் தேவையில்லை.

10. ஒரு நோட்டுப் புத்தகம், தோல்விக்கு ஒரு வரி. ‘மோசமாக ஆடினேன்’ என்று எழுதினால் பயன் இல்லை. ‘கீழ் ஓரத்தில் பிரிபடும் இடத்தை அடைக்காமல் இரண்டு கற்களைப் பிடிக்கப் போனேன்’ என்று எழுதுங்கள். பத்து வரி சேர்ந்ததும் மொத்தமாகப் படித்தால் ஒரே தவறு நாலைந்து முறை வந்திருக்கும். அடுத்த சில ஆட்டங்களில் அதை ஒன்றை மட்டும் கவனியுங்கள்.

11. நாலைந்து புள்ளியில் தோற்றிருந்தால் நடு ஆட்டத்தைத் துருவ வேண்டாம், முடிவைப் பாருங்கள். எதிராளி பதில் சொல்லியே ஆகவேண்டிய எல்லைக் கற்களை நீங்கள் முந்திக்கொண்டு வைத்தீர்களா, விட்டுக்கொடுத்தீர்களா?

12. ஆரம்பத்தில் 9×9 பலகையே போதும். ஆட்டமும் சீக்கிரம் முடியும், திருப்பிப் பார்ப்பதும் ஐந்து நிமிட வேலை. வீட்டில் பலகை இல்லையென்றால் தடித்த அட்டையில் 2 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமான இடைவெளியில் கோடு போட்டு, கறுப்பு வெள்ளைச் சட்டைப் பொத்தான்களை நிறத்துக்கு நாற்பதாக வாங்கிக்கொள்ளுங்கள். திரையில் விரலால் தள்ளிப் பார்ப்பதைவிடக் கையால் வைத்துப் பார்த்தால் ஆட்டம் மனத்தில் தங்கும்.

13. ஒருவரிடமே தொடர்ந்து தோற்றால் கைக்கற்கள், அதாவது ஆட்டம் தொடங்கும் முன்பே பலகையில் வைத்துக்கொள்ளும் கூடுதல் கற்கள், கேட்டு வாங்குங்கள். இருவருக்கும் ஒரு நிலை வித்தியாசத்துக்கு ஒரு கல் என்பது கணக்கு. ஒன்பது வரை தருவார்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

14. எல்லாத் தோல்வியையும் அலச வேண்டியதில்லை. விரல் தவறி வைத்தது, நேரம் தீர்ந்து போனது, தூக்கக் கலக்கத்தில் ஆடியது, இவற்றை விட்டுவிடுங்கள். முதல் ஐம்பது ஆட்டங்களைச் சீக்கிரம் தோற்றுத் தொலை என்று கோ உலகில் பழமொழியே இருக்கிறது. அந்த ஐம்பதுக்குள் இருப்பவர்கள் 4, 5, 10 ஆகிய மூன்று குறிப்புகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கணினி அதற்குப் பிறகு வரட்டும்.