வலம்புரிச் சங்கை அறியுமாறு

வெலிமடை மலைகளிடையே வாழும் நமக்குக் கடல் தொலைவிலுள்ளது, சங்கோ தொலைவிலன்று. தோட்டத்துக் கோயிற் பூசையிலும், லயத்தில் ஒருவர் இறந்த நாளிலும் அதன் ஒலியைக் கேட்டே வளர்ந்தோம். ஆயின், அதனைக் கையிலெடுத்து இஃது எவ்வுயிரின் கூடு என ஆராய்ந்தோமில்லை. அதனால் விளையும் நட்டத்தை அண்மையில் ஒரு வீட்டிற் கண்டோம்.

ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளி ஒருவர், தமது சேமலாப நிதியின் பெரும்பகுதியைக் கொடுத்து, ஊர் சுற்றும் வியாபாரி ஒருவனிடம் வலம்புரி ஒன்று வாங்கியிருந்தார். மஞ்சட்பட்டின்மேல் வைத்திருந்த அது ஒரு சாணுக்கு மேல் நீண்டிருந்தது. காதில் வைத்தபோது ஓங்காரம் கேட்டதாம். வெற்றுச் செம்பைக் காதில் வைத்தாலும் அவ்வொலி கேட்கும். சுற்றுப்புற ஓசையே உட்குழிவில் அதிர்கின்றது.

சங்கென்பது மணற்பாங்கான கடலடியில் புழுக்களைத் தின்று வாழும் ஒரு நத்தையினம். மன்னார் வளைகுடாவிலும் யாழ்ப்பாணக் கடலிலும் இதனைக் குளித்தெடுப்பர். இலினேயசு 1767 இல் இதற்குப் பேரிக்காயின் பெயரை இட்டார். இன்று தர்பினெல்லா பைரம் எனப்படும். 1914 இல் யேம்சு ஓர்னல் இதனைப்பற்றித் தனிநூலே எழுதினார். கபிலநிறப் புறத்தோலை நீக்கினால், கனத்த வெண்ணிற ஓடு தோன்றும்.

ஊதுவதற்காக அறுக்கப்படும் கூர்முனை மேலாகவும், வாய்ப்பிளவு நம்மை நோக்கியும் இருக்குமாறு சங்கைப் பிடிக்க. பிளவு வலப்புறம் வருமாயின் அது சாதாரணச் சங்கு. இடப்புறம் வருமாயின் வலம்புரி. விலங்கியலார் இதனை இடஞ்சுழி என்பர். நம்மவர் கூர்முனையைக் கீழாக வைத்து நோக்குவதால், அதே பிளவு வலப்புறமாகின்றது. பெயர்கள் மாறுபடினும் பொருள் ஒன்றே. இவ்வினத்தில் இடஞ்சுழி மிக அரிது. விலையேற்றத்துக்குக் காரணமும் அவ்வருமையே.

இங்கேதான் ஏமாற்றம் புகுகின்றது. அமெரிக்காவின் அத்திலாந்திக்குக் கரையில், நியூ யேர்சி முதல் புளோரிடா வரையும், மெக்சிக்கோ வளைகுடாவிலும் வேறொரு கடல்நத்தை உண்டு. இளம் ஓட்டில் மின்னற்கீற்றுப்போன்ற கபிலக் கோடுகள் இருப்பதால் ‘லைட்னிங் வெல்க்’ என்பர். சில 40 சென்ரிமீற்றர் வரை வளரும். நம் கடலில் அரிதாகிய இடஞ்சுழி அவ்வினத்துக்கு இயல்பு. ஏறத்தாழ யாவும் அவ்வாறே பிறக்கின்றன. டெக்சாசு மாநிலம் 1987 இல் அதனைத் தன் மாநிலச் சிப்பியாக ஏற்றது. அங்கே கடைகளில் எளிதாகக் கிடைப்பது, கோடுகள் தேய்க்கப்பட்டு வெண்மையாக்கப்பட்டபின் இங்கே வலம்புரியாகின்றது.

எனவே பிளவின் பக்கத்தை மட்டும் பார்த்தல் போதாது. பிளவினுள் விரலைச் செலுத்தி நடுத்தண்டைத் தடவுக. நம் சங்காயின், மூன்று அல்லது நான்கு வரம்புகள்போன்ற மடிப்புகள் குறுக்கே தட்டுப்படும். அமெரிக்க நத்தையில் அத்தகைய மடிப்பு வரிசை இல்லை. தண்டு பெரிதும் வழுவழுப்பாகவே செல்லும். மாணவர் முதலில் கோயிற் சங்கொன்றில் தடவிப் பழகுதல் நன்று.

அப்பெரியவரின் சங்கினுள் விரலிட்டோம். மடிப்பு ஒன்றேனும் இல்லை. சொல்லாது விடலாமோ எனச் சற்றுத் தயங்கினோம். அயலாரும் வாங்க எண்ணியிருந்தமையாற் கூறிவிட்டோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், “அப்போ இதைச் சாமிக்கிட்ட வைக்கக் கூடாதுங்களா, ஐயா?” என்றார். அது விலங்கியலுக்கு உட்பட்ட கேள்வியன்று என்றோம். சங்கு இன்னும் அப்பட்டின்மேலேயே இருக்கின்றது.