பாட்டு சோறு போடுமா?

கேள்வி: சொந்தமாகப் பாட்டெழுதி, இசையமைத்து இணையத்தில் ஏற்றுகிறேன். இதை நம்பிப் பிழைக்க முடியுமா?
- ஒரு வாசகர், திருச்சி

பதில்: ஸ்பாட்டிஃபையை மட்டும் நம்பினால் முடியாது. 2024 முதல், 12 மாதங்களில் 1,000 முறையாவது கேட்கப்படாத பாட்டுக்கு அங்கே காசே கிடையாது. தாண்டினாலும் டீச்செலவுக்குத்தான் காணும். ரசிகர்களுக்கு நேரடியாகப் பாட்டை விற்க உதவும் பேண்ட்கேம்ப் தளம் பரவாயில்லை, டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதமும் பணப்பரிமாற்றக் கட்டணமும் போக, மிச்சம் உங்களுக்கு. 2007இல் ரேடியோஹெட் இசைக்குழு தன் 'இன் ரெயின்போஸ்' ஆல்பத்துக்கு ரசிகர்களையே விலை வைக்கச் சொன்னதை உதாரணம் காட்டுவார்கள். அந்தக் குழுவினர் ஏற்கெனவே உலகப் புகழ் பெற்றவர்கள். நம் கதை வேறு. கச்சேரிதான் இன்னமும் கைகொடுக்கும். வருகிறவர்களின் மின்னஞ்சலை வாங்கி வையுங்கள். பாட்டெழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் ராயல்டி வசூலித்துத் தரும் ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பில் சேர்ந்துவிட்டீர்களா? இல்லையென்றால் முதல் வேலையாக அதைச் செய்யுங்கள்.